எட்டு மாதம் தொங்கிய டூலெட் போர்டு

1

நிலா, கதிர், உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் கதிர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்ற மாட்டான். போனில் சொன்னால் நிலா சிரிப்பாள். அதனால் எழுதுகிறேன். கதிருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகப் படி. நானும் பத்தாவதோடு நின்றவன்தான், மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஊரில் நம் ஆட்கள் யார் கண்ணிலாவது இது பட்டாலும் படிக்கட்டும். வாடகைக்கு விடுவதற்காகப் பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும்.

சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் செல்வம் மாமாவின் மேல் எனக்குப் பொறாமை.

ஒரு வெள்ளிக்கிழமை, டியூட்டி இல்லாத நாள், இங்கே ஷார்ஜாவில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடும்ப வாட்ஸ்அப்பைத் திறந்தேன். செல்வம் ஒரு போட்டோ போட்டிருந்தான். சிதம்பரத்தில் அவன் வாடகைக்கு விடும் வீட்டின் கேட்டிலிருந்து, பழைய ஆள் காலி செய்ததும் மாட்டிய டூலெட் போர்டைக் கழற்றி, பரிசுக் கோப்பையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: 'மூணே நாள். ஆளு வந்தாச்சு.' அவன் பக்கத்தில் கையில் குறடோடு சிரித்துக்கொண்டு நின்றவள் நிலா. கம்பியை அவள்தான் அறுத்தாளாம்.

அம்மா உடனே கைதட்டும் பொம்மை மூன்று போட்டாள். நான் ஒரு மணி நேரம் கழித்துக் கட்டைவிரல் ஒன்று போட்டேன். செம்மங்குப்பத்தில் நம் வீட்டு கேட்டில் அதே மாதிரி போர்டு ஒன்று தொங்கத் தொடங்கி அன்றைக்கு எட்டு மாதம். சிவப்பு எழுத்து வெயிலில் வெளுத்து, மஞ்சளாகி, தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் தகரமாகத் தெரிகிறது என்று பக்கத்து வீட்டு ராணி அக்கா சொல்லியிருந்தது.

2

எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்றால், இரண்டு வீடும் ஒரே நிலத்தின் பிள்ளைகள். கம்மாபுரம் பக்கம் உங்கள் தாத்தாவின் காணியை விற்று, மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். செல்வம் தன் பங்கில் சிதம்பரம் ரயிலடிப் பக்கம் தளம் போட்ட ஒரு பழைய மெத்தை வீடு வாங்கினான். நாங்கள் அம்மா பங்கில், கடலூர் போகும் ரோட்டை ஒட்டி, செம்மங்குப்பத்தில் ஒரு பழைய மெத்தை வீடு வாங்கினோம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அளவு, ஒரே மாதிரி கசிவு. பதிவும் ஒரே வாரத்தில். ஓட்டப்பந்தயத்தில் இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தியது போல.

அதிலும் எனக்குத்தான் தொழில் தெரியும் என்று நினைத்தேன். பதினெட்டு வருடமாக இங்கே நான் பார்க்கும் வேலையே அதுதான். கட்டடத்தில் ஒரு குடும்பம் காலி செய்தால் நானும் என் ஆட்களும் உள்ளே போவோம். சுவரில் ஓட்டையை அடைப்போம், வெள்ளை அடிப்போம், சிங்க் ஓரத்தில் புதுப் பசை வைப்போம், குழாயைப் பளபளக்கத் துடைப்போம். ஒரே வாரத்தில் அடுத்த குடும்பம் பெட்டியோடு நிற்கும். எத்தனை பேர் குடியேறியதைப் பார்த்திருக்கிறேன்! செல்வத்துக்கு என்ன தெரியும்? ஜெராக்ஸ் கடைக்காரன். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஸ்டூலில் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பக்கம் எண்ணிக் கொடுப்பவன்.

அதனால் செம்மங்குப்பம் வீட்டை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கொத்தனாரை வீடியோ காலில் நிற்க வைத்து, இங்கிருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். சமையலறைச் சுவரை இடிக்கச் சொன்னேன். ஹாலும் சமையலும் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டும். பாத்ரூமில் குளிக்கும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி. தரைக்கு முகம் பார்க்கும்படி பெரிய டைல்ஸ். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் வட்டமாகப் புதைத்த விளக்குகள். குழாய்களை இங்கே வாங்கிக் கார்கோவில் அனுப்பினேன்.

கொத்தனார் ஒரு தடவை தயங்கினார். "அண்ணே, தொவைக்கிற கல்ல என்னா பண்றது?"

"எடுத்துப் போட்டுடுங்க. வாஷிங் மெஷின் பாயிண்ட் குடுத்திருக்கேனே."

"மேல ஹால்ல ஒரு இரும்புக் கொக்கி இருக்குது. அதுமேலயே சீலிங் அடிச்சிடலாமா?"

"அடிச்சி மூடுங்க. அதெல்லாம் யாரு கண்ணுலயும் படக் கூடாது."

இந்தக் கொக்கியை மறந்துவிடாதீர்கள்.

செல்வம் தன் வீட்டில் என்ன செய்தான்? சுண்ணாம்பு போலத் தெரியும் ஏதோ வெள்ளை பெயின்ட் அடித்தான். பாத்ரூமுக்குச் சொரசொரப்பான டைல்ஸ். வெளியே ஒரு குழாய் கூடுதலாக. சமையலறைக்குப் புதுக்கதவு. மாடியில் துணி காய வைக்க நான்கு இரும்புக் கம்பம். போட்டோ அனுப்பினான். "செலவே செய்யல போல மச்சான்" என்று நான் பதில் போட்டேன். அந்தப் பதிலை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3

வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது ராணி அக்கா. காட்டிவிட்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பும். வேலை முடிந்து வந்து அதைக் கேட்பதுதான் என் வழக்கமாகிப் போனது. பெரும்பாலும் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டு வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள்.

"இன்னிக்கி ஒரு பொண்ணு வந்துச்சி தம்பி. ஹால்ல ஒக்காந்தா அடுப்பு தெரியுதுன்னு சொல்லிச்சி. 'மீனு வறுத்தா தலகாணி வரைக்கும் மணக்குமேக்கா, வர்றவங்க போறவங்க முன்னாடியா நான் கொழம்பு கூட்டறது'ன்னு கேக்குது."

இன்னொரு நாள்: "கண்ணாடிக்குள்ள நின்னு குளிக்க நான் என்னா ஜவுளிக்கட பொம்மையான்னு கேட்டுட்டுப் போயிட்டா ஒருத்தி. அந்தக் கண்ணாடிய நான் தொடச்சித் தொடச்சிப் பாக்குறேன் தம்பி. உப்புத் தண்ணியா, வெள்ள வெள்ளயா பூத்துப் போவுது. நீ அனுப்புன கொழாயும் அப்புடித்தான்."

மூன்றாவதாக ஒரு மாமியார் டைல்ஸில் கால் வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டாராம்.

வீடு பிடிக்காமல் போனால்கூடத் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "எந் தம்பி வீட்டுல இதெல்லாம் எப்புடி பண்ணியிருக்கான்னு ஒரு வார்த்த கேட்டா என்னங்க?" அதைத்தான் தாங்க முடியவில்லை.

நிலா, நீ கல்லூரிக்காகச் சிதம்பரம் போய் மாமா வீட்டில் தங்கிய பிறகு இது ஜாஸ்தியாகிவிட்டது. போனில் நீ பேசும்போது 'நம்ம வீட்டுக்கு ஆளு வந்தாங்கப்பா' என்பாய். நான் செம்மங்குப்பத்தை நினைத்து எழுந்து உட்காருவேன். நீ சொல்வது மாமாவின் வீட்டை. கதிருக்கோ நம் ஊர் என்றால் ஷார்ஜா. ஒருத்திக்கு மாமா வீடு நம் வீடு, ஒருத்தனுக்கு வாடகைக் கட்டடம் நம் ஊர். நான் சாயம் பூசிப் பளபளப்பாக்கிய வீடு மட்டும் யாருக்கும் நம்முடையதாக இல்லை.

4

கடைசியில் அம்மா ஒரு கெடு வைத்தாள். "இந்த லீவுல நாம போறோம். லீவு முடியறதுக்குள்ள ஆளு வரலன்னா சாவியத் தம்பிகிட்ட குடுத்துடுங்க. அவன் பாத்துக்குவான். அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட அவனுக்குப் பவர் எழுதிக் குடுங்க."

பவர் எழுத இங்கே ஒரு அலுவலகத்துக்குப் போனேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவர்களின் தாளில் பெரிதாகவே போட்டிருந்தது. நான் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் இரண்டு பேரோடு போனேன். பாஸ்போர்ட்டில் என் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, வீட்டுப் பத்திரத்தில் வெறும் இன்ஷியல், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழி வேண்டும் என்றார்கள். பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். அம்மாவிடம், "என்னா பண்றது, முடியாதுங்கறான்" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் எனக்கு மனதுக்கு இதமாக இருந்தது. முதல் நாள் ஒரே சாட்சியோடு போனதே, தாளைப் படித்துவிட்டுத்தான்.

5

லீவுக்குப் போனோம். நான்காம் நாள் செம்மங்குப்பம் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு கதிர் கேட்டான், "எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?"

"இதாண்டா வீடு."

"இது வாடகைக்கு விடுறதுதானே?"



மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். செல்வத்தைப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னேன். போனது அவன் வீட்டில் குறை கண்டுபிடிக்க. குடியிருக்கும் பெண் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, எங்க ஓனரு சொன்னாரு" என்று உள்ளே விட்டது. தட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். சுவர் ஓரம் கோணல். ஜன்னல் கொண்டி இறுக்கம். மனதுக்குள் குறித்துக்கொண்டே நிமிர்ந்தால், ஹாலின் நடுவில் ஒரு புடவைத் தூளி. உள்ளே குழந்தை தூங்குகிறது. மேலே பெயின்ட் அடித்த இரும்புக் கொக்கி.

"இது நீ போட்டதா?" என்று பின்னால் வந்த செல்வத்தைக் கேட்டேன்.

"பழசே ஒண்ணு இருந்துச்சி மாமா. பத்தாதுன்னு ரூமுல இன்னொண்ணு போட்டேன். ராத்திரி ரூமு, பகல்ல ஹாலு. வாடகைக்கு வர்றதுல பாதி கைக்கொழந்தக்காரங்க. அந்தப் பொண்ணுங்க வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் மொதல்ல எங்க பாக்குதுன்றீங்க? டைல்ஸையா? அண்ணாந்துதான் பாக்கும்."

"ஷார்ஜாவுல இதச் சேதம்னு எழுதுவோம்" என்றேன். பிள்ளைகளே, இங்கே என் வேலைக்கு ஒரு பட்டியல் உண்டு. காலியான ஃபிளாட்டில் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். அதில் ஒரு வரி: கூரையில் கொக்கி இருந்தால் அறுத்து எடு, துளையை அடை, சேதம் என்று எழுது. நம் ஆட்கள், மலையாளிகள், வங்காளிகள் என்று யார் யாரோ பிள்ளைக்காக மாட்டிய எத்தனையோ கொக்கிகளை அறுத்திருக்கிறேன். அட்வான்ஸில் பிடிக்கச் சொல்லி எழுதியும் கொடுத்திருக்கிறேன். கதிர், நீ பிறந்தபோது உனக்கு ஸ்டாண்டு தொட்டில்தான் வாங்கினோம். கொக்கி அடிக்கக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவனே நான் அல்லவா. கொக்கி என்றால் சேதம் என்று கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணோடுதான் நம் வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

செல்வம் விடவில்லை. "மாமா, கோச்சிக்காதீங்க. நீங்க ஷார்ஜாவுக்கு வீட்டக் கட்டிட்டு செம்மங்குப்பத்துல ஆளு தேடுறீங்க."

கோபித்துக்கொண்டேன். டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

6

ஆனால் போய் இறங்கியதும் முதல் வேலையாக ஏணியைப் போட்டேன். ஃபால்ஸ் சீலிங்கை அறுக்க யாரையும் கூப்பிடவில்லை. நானே போடச் சொன்னது, நானே அறுத்தேன். தலையெல்லாம் வெள்ளைத் தூள். கொக்கி அங்கேயே இருந்தது. கடல் காற்றுக்கு மேலே துரு ஏறியிருந்தது. கொத்தனாரை வரவழைத்துச் சமையலறைக்கு மறுபடி சுவர் எழுப்பிக் கதவு மாட்டினோம். கண்ணாடியைக் கழற்றினோம். பாத்ரூம் தரையை மாற்றினோம். தோட்டத்து மூலையில் கவிழ்ந்து கிடந்த துவைக்கிற கல்லைக் கதிரும் நானும் உருட்டிக்கொண்டு வந்தோம். என் லீவு அதிலேயே கரைந்தது.

லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது செல்வம் நிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு குடும்பம். கடலோரக் கிள்ளை ஊர்க்காரப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர், இவன் பக்கத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மனைவி, தோளில் மூன்று மாதக் குழந்தை. ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் பேச்சுக் கொடுத்து செல்வம் பிடித்த ஆட்கள்.

அந்தப் பெண் உள்ளே வந்தது. அண்ணாந்து பார்த்தது. நான் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாங்குமா?" என்றது. "துரு புடிச்சிருக்கே."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டான். ஏணியில் ஏறி, கயிற்றைக் கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டான். "ஸ்டூல்லயே ஒக்காந்து ஒக்காந்து எடைக்கல்லு மாதிரி ஆயிட்டேன்மா. என்னத் தாங்குனா ஒங்க புள்ளயத் தாங்காதா?" என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினான். தொங்கியபடியே ஆடினான். "நிலாவுக்குத் தூளி ஆட்டுனவன்மா நானு. ஆறு மாசம் ஒரு நாளு விடாம ஆட்டியிருக்கேன். நான் கைய எடுத்தா முழிச்சிக்கும் இந்தக் கழுத."

"மாமா!" என்று நீ சிரித்தாய், நிலா.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. கொக்கி பிடுங்கிக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். வீடு காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை, அவன் தரையில் உட்கார வேண்டும். நீ தூளியில் கிடந்த அந்த ஆறு மாதமும் நான் ஷார்ஜாவில் அடுத்தவன் கூரைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். உன்னை ஆட்டிய கை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு நாள்கூட இல்லை. மூன்று நாளில் ஆள் வந்த வீட்டைப் பார்த்து நான் எரிந்ததாக எழுதினேனே, எரிச்சலின் வேர் வீட்டில் இல்லை. இங்கே இருந்தது.

கொக்கி அசையவில்லை. துரு மட்டும் கொஞ்சம் அவன் தலையில் உதிர்ந்தது.

"அப்ப சரிங்க ஓனரு அண்ணே, வெள்ளிக்கெழம பால் காய்ச்சிடறோம்" என்று அந்தப் பெண் செல்வத்தைப் பார்த்துச் சொன்னது.

"ஓனரு அவுங்க இல்லக்கா" என்றாய் நீ. "இவுங்கதான். எங்கப்பா."

அந்தப் பெண் என்னை, என் சட்டையில் இருந்த சிமெண்டை, மேலே வெட்டிய சீலிங்கின் ஓரத்தை எல்லாம் ஒரு தடவை பார்த்தது. "ஏண்ணே, இம்மாம் நல்ல கொக்கிய இத்தன நாளா மூடியா வெச்சிருந்தீங்க?"

அன்று சாயந்திரம் போர்டைக் கழற்றினோம். செல்வம் குறடை என்னிடம் நீட்டினான். நான் கதிரிடம் கொடுத்தேன். வெளுத்த தகரத்தோடு நாங்கள் நான்கு பேரும் நிற்க, அம்மா போட்டோ எடுத்தாள். அதில் நான் மட்டும் சிரிக்கவில்லை என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள்.

7

மாற்றுச்சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு வர வேண்டும். குழாய் ஒழுகினாலோ, குடியிருப்பவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது ஏதாவது என்றாலோ யார் போவது? அம்மா பார்வையாலேயே செல்வத்தைக் காட்டினாள். நான் சாவியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை மாட்டினேன். இங்கே கட்டடத்துச் சாவிகளுக்கெல்லாம் நான் மாட்டுவது. பெட்டியில் ஒன்று வந்திருந்தது. மாட்டி, நிலாவின் கையில் கொடுத்தேன். செல்வத்தைப் பார்க்காமலே, "ஒன் பொறுப்பும்மா" என்றேன். அப்படிச் செய்ததில் எனக்கு ஒரு திருப்தி. மச்சானிடம் கொடுக்கவில்லை, மகளிடம் கொடுத்தேன்.

நேற்று கதிரும் நானும் உட்கார்ந்திருக்கும்போது நிலா வீடியோ காலில் வந்தாள். கல்லூரி விழாவுக்கு எடுத்த சுடிதாரைக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கண் அவள் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. மாமா வீட்டுச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஜெராக்ஸ் கடைச் சாவி, அவன் வாடகை வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி. அவற்றோடு அதே ஆணியில் என் மஞ்சள் வில்லை.

"நிலா, அந்தச் சாவிய வேற ஆணில மாட்டு."

"ஏம்பா? இதுலயே எடம் இருக்கே."

"வேற ஆணில மாட்டும்மா."

எங்கிருந்தோ செல்வத்தின் குரல் வந்தது. "சொன்னத செய்யி பாப்பா. ஒங்கப்பாவுக்குன்னு தனி ஆணி ஒண்ணு அடிச்சிடுவோம்." போன் மேசைமேல் சாய்ந்தது. சுத்தியல் சத்தம் நான்கு தடவை கேட்டது. பிறகு அவன் முகம் திரை முழுக்க வந்தது. "ஏன் மாமா, செவுத்துல ஓட்ட போட்டுட்டேனே, சேதம்னு எழுதிடுவீங்களா?"

"எழுதுவேன்" என்றேன்.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனைத் திருப்பி ஆணியைக் காட்டச் சொன்னேன். கோணலாக அடித்திருப்பான், சொல்லிக்காட்டலாம் என்று பார்த்தேன்.

நேராகத்தான் அடித்திருந்தான்.